பேரீச்சம்பழத்துக்குப் போகாத லாரி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஒரு மனிதன் எழுந்திருக்கிறான் என்றால் ஒன்று முகூர்த்தம், இல்லாவிட்டால் ரயில். மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை 2018-ல் கலிஃபோர்னியாவில்தான் தெரிந்துகொண்டேன். பழைய இரும்பு!

ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் அர்வைன் என்ற ஊரில் இருந்தேன். பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பல்லடத்துக்காரர். டேட்டாபேஸ் உத்தியோகம், சாது, வெற்றிலை பாக்குகூடப் போடாதவர். (பெயர் வேண்டாம். அவர் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்.) அவர் ஒரு சனிக்கிழமை ராத்திரி கதவைத் தட்டி, ரகசியக் குரலில், "நாளைக்கு காயலாங்கடைக்குப் போறேன், வர்றீங்களாண்ணா?" என்றார்.

காயலாங்கடை என்று அவர் சொன்னது, லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே பொமோனா நகரத்தின் பொருட்காட்சி மைதானம். வருஷத்தில் சில ஞாயிறுகளில் அங்கே பழைய கார் சந்தை. ஐந்து மணிக்கே கதவு திறந்துவிடுகிறார்கள். இருட்டில் டார்ச் லைட்டும் கையுமாக ஆயிரக்கணக்கான ஆம்பிளைகள் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மோதிரம் தொலைத்த கல்யாண வீடு. கிட்டே போனால், தார்ப்பாய் மேல் கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, மட்கார்டு, ஹெட்லைட் வளையம், துருப்பிடித்த என்னென்னமோ. நம்மூரில் பேரீச்சம்பழக்காரன் சைக்கிளில் ஏற்ற யோசிக்கிற சாமானுக்கு நாற்பது டாலர் சொல்கிறார்கள். முப்பத்தைந்துக்குக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

விடிந்த பிறகுதான் விஷயமே. வரிசை வரிசையாக ஹாட் ராட் வண்டிகள். வெளியே 1950-ம் வருஷத்து உடம்பு, உள்ளே வேறு வண்டியின் முரட்டு என்ஜின். தாத்தா முகம், பேரன் இதயம்.

இந்தப் பைத்தியத்துக்குச் சுருக்கமாக ஒரு பூர்வ கதை உண்டு. 1932-ல் ஃபோர்டு கம்பெனி, சாதாரண ஜனங்களின் விலைக்கு 65 குதிரைசக்தியில் ஒரு வி-8 என்ஜினைக் கொடுத்தது. தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டை அடிவிலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றினார்கள், பானெட்டைக் கழற்றினார்கள், கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிட்டு, மியூராக் என்ற வறண்ட ஏரியில் போய் விரட்டினார்கள். ஏரி என்றதும் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்கெட்டிய வரை அப்பளம் மாதிரி தட்டையான மண்தரை. 1937-ல் அவர்களுக்கு முறையாக ஒரு சங்கமே வந்துவிட்டது. பிறகு மியூராக்கை விமானப்படை எடுத்துக்கொண்டது (இன்றைய எட்வர்ட்ஸ் தளம்). பையன்கள் எல் மிராஜ் என்ற அடுத்த ஏரிக்குப் போனார்கள். 1948 ஜனவரியில் 25 சென்ட் விலையில் 'ஹாட் ராட்' பத்திரிகை. 1951-ல் தெருவில் ரேஸ் விட்டுச் சாகிற பிள்ளைகளை ஒழுங்குபடுத்த ஒரு தேசிய அமைப்பு. அந்த அமைப்பின் மியூசியம் இதே பொமோனா மைதானத்துக்குள் 1998-லிருந்து இருக்கிறது. நண்பர் உள்ளே வர மறுத்துவிட்டார். "கண்ணாடிக்குள்ள இருக்கறது நமக்கெதுக்குங்ணா?"

அவருக்கு வேண்டியது பிக்கப். அதுவும் யாரும் சீண்டாத பிக்கப்!

இங்கே கொஞ்சம் சாதி விவகாரம் சொல்லியாக வேண்டும். ஆதியில் ரேஸ் விட்டவை பெரும்பாலும் கூரையில்லாத சிங்காரக் கார்கள். பிக்கப் என்பது வைக்கோல் ஏற்ற, பன்றிக்குட்டி ஏற்ற. அதை யார் அலங்கரிப்பார்கள்? சாகும் வரை உழைத்துவிட்டு வேலியோரம் நின்றது. காலம் மாறியதும் அதற்கும் மவுசு வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. 1947-லிருந்து வந்த ஷெவ்ரலே, 1948-ன் ஃபோர்டு எஃப்-1, 1953-ன் எஃப்-100 ஆகிய மூன்றும் மாப்பிள்ளைகள். அவற்றுக்குப் புத்தம் புது ரப்பர், கதவு, ஏன், சில மாடல்களுக்கு முழு இரும்புக் கேபினே கேட்டலாக்கில் கிடைக்கிறது. பொமோனாவில் ஒரு ஷெவ்ரலே மேல் 38,000 டாலர் என்று அட்டை தொங்கியது. நண்பர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மூன்றைத் தாண்டினால் பந்திக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் லாரிகள், ஸ்டூடிபேக்கர், கேபினின் பின்மூலைகளில் ஜன்னல் வைத்த டாட்ஜ், வில்லிஸ். ஸ்டூடிபேக்கர் குடும்பம் 1852-ல் மாட்டுவண்டி... சரி, குதிரைவண்டிப் பட்டறையாகத் தொடங்கியது. அதில் ஒரு சகோதரர் தங்கம் தேடுகிற கலிஃபோர்னியாவுக்கு வந்து, தங்கத்தை விட்டுவிட்டுத் தள்ளுவண்டி செய்து விற்றுப் பணம் பார்த்தார். 1949 மாடலாக அவர்கள் விட்ட பிக்கப், என் அபிப்பிராயத்தில், அந்தக் காலத்து லாரிகளிலேயே அழகானது. ஏறுகிற படியைக்கூடக் கதவுக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். என்ன அழகு இருந்து என்ன? கம்பெனி போய்விட்டது, உதிரிபாகம் சுலபத்தில் கிடைக்காது. அதனால்தான் மலிவு.

நண்பரின் ஆசைக்கு வேறொரு வேரும் உண்டு. அவர் அப்பா பல்லடத்தில் ஃபார்கோ லாரி ஓட்டியவர். ஃபார்கோவும் டாட்ஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பம்பாயில் பிரீமியர் கம்பெனி இரண்டு பெயரிலும் லாரி விட்டது. அந்த மூக்கு நீண்ட லாரியின் பானெட்டில் உட்கார்ந்துதான் இவர் வாய்ப்பாடு படித்தாராம்.

எட்டு மணி சுமாருக்கு ஒரு பெரியவரிடம் நின்றோம். மெக்ஸிகோ வம்சம், எழுபத்தெட்டு வயசு, கையில் வெல்டிங் தழும்புகள். இன்டர்நேஷனல் பெயர்த் தகடு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் விலை கேட்டார். "தகடு எதுக்கு, மிஹோ? லாரியே வீட்டுல இருக்கு" என்றார் பெரியவர். மிஹோ என்றால் ஸ்பானிஷில் 'மகனே'. நம்மூர்ப் பெரியவர்கள் 'தம்பி' என்பது போல, யாரைப் பார்த்தாலும்.

வீடு ஃபோன்டானாவில், இன்னும் அரை மணி நேரம் கிழக்கே. அந்த ஊருக்கு 1942-ல் கைசர் உருக்கு ஆலை வந்து, 1983-ல் மூடிக்கொண்டது. 'டெர்மினேட்டர் 2' படக் கடைசியில் அர்னால்ட் உருகிய இரும்புக்குள் இறங்குவாரே, மூடிக் கிடந்த அந்த ஆலையில் எடுத்ததுதான். பெரியவர் அங்கே வெல்டர். வேலை போனபோது நாற்பத்து மூன்று வயசு. அதற்கப்புறம் ஷெட்டில் பட்டறை போட்டு, ஊரார் பிக்கப்புகளை ஹாட் ராட் ஆக்கியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார். மூவரும் ஆபீஸ் உத்தியோகம். ஒருத்தருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது.

கொல்லையில் 1951 இன்டர்நேஷனல் எல்-110. பச்சையாக இருந்திருக்க வேண்டும். 'கார்ஸ்' படத்தில் பல் துருத்திக்கொண்டு ஒரு இழுவை லாரி வருமே, மேட்டர்? கன்ஸாஸில் நின்ற இதே 1951 இன்டர்நேஷனல் லாரி ஒன்றைப் பார்த்து உருவாக்கியதுதான் அது. இது அதற்குத் தம்பி. முகம் அதே சோகம்.

பெரியவர் ஒரு ஸ்க்ரூடிரைவரால் கேபினின் கீழ் மூலையில் தட்டினார். 'டங்'. இன்னொரு மூலையில் 'டங்'. "பனி பெய்யிற ஊர்ல ரோட்டுல உப்பு போடுவான். அந்த லாரியைத் தட்டினா 'பொத்'னு உள்ளே போகும். இது பாலைவனத்து லாரி" என்றார். கிழவர்கள் பல் காட்டிச் சிரிப்பதைப் போல ஒரு பெருமை.

வேலை என்ன என்று கேட்டோம். ஒரு மணி நேரம் பேசினார். அந்தக் காலத்து லாரியின் பின் ஆக்ஸில் பாரம் இழுக்கச் செய்தது. நாற்பத்தைந்து மைலைத் தாண்டினால் என்ஜின் கதறும். ஆகவே ஆக்ஸிலை மாற்ற வேண்டும். முன்னால் பட்டை ஸ்பிரிங்கும் கட்டை ஆக்ஸிலும். அதை வெட்டிவிட்டு, 1970-களின் மஸ்டாங் 2 கார் பாணியில் இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடுகிற சஸ்பென்ஷன். கரண்ட் 6 வோல்ட். 12 ஆக்க வேண்டும். பிரேக் ஒரே குழாயில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. எங்காவது ஒழுகினால் நான்குமே போச்சு. "முதல்ல நிக்கிற மாதிரி செய். அப்புறம் ஓடுற மாதிரி செய்" என்றார். என்ஜின்? விபத்தில் நொறுங்கிய ஷெவ்ரலேவின் 350 வி-8. 1955-ல் பிறந்த அந்த என்ஜின் வம்சம் 2011-க்குள் பத்து கோடி தாண்டிவிட்டது. நம்மூரில் டி.வி.எஸ். 50 பாகம் போல எந்த மூலையிலும் சாமான் கிடைக்கும். இன்டர்நேஷனல் ரசிகர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டு மருமகனுக்குப் பதில் எதிர்வீட்டுப் பையனை மணையில் உட்காரவைப்பது மாதிரி!

சுலபமாக, ஷெவ்ரலே எஸ்-10 என்ற சின்ன பிக்கப்பின் சேஸிஸை அப்படியே அடியில் கொடுத்து, மேலே பழைய கேபினை உட்காரவைப்பவர்களும் உண்டு. நண்பர் அதைக் கேட்டார். பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "சேஸிஸ் போனா ஆர்.சி. வில்லங்கம். அதைவிட, அது லாரி இல்லே. லாரி முகமூடி" என்றார்.

விலை 1,800 டாலர். முன் கண்ணாடி மட்டும் விரிசல். தட்டைக் கண்ணாடி என்றால் எந்தக் கடையிலும் வெட்டித் தருவான். இன்டர்நேஷனல்காரன் அந்த வருஷங்களில் நாகரிகமாக ஒரே துண்டில் வளைந்த கண்ணாடி போட்டுத் தொலைத்திருக்கிறான்.

அன்று மாலை பஞ்சாயத்து. நண்பரின் மனைவி எனக்குக் காபி கொடுத்துவிட்டு, அவரிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "இந்த வண்டி முடிய எத்தனை வருசம் ஆகுங்ணா?"

"நாலஞ்சு..."

"எங்க விசா எத்தனை வருசம்?"

மூன்று. நீட்டித்தால் ஆறு. பச்சை அட்டை வரிசையோ அனுமார் வால். நான் காபியைக் குடித்தேன். அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. அதுதான் பதில் சொல்ல விடாமல் செய்தது. நாளைக்கே கிளம்பு என்றால் பாதி வெட்டிய லாரியை எங்கே கொண்டுபோவது? ஊருக்கா? இங்கே என்ஜினும் உருவமும் மாற்றிய வண்டியை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்திப் பாருங்கள், தெரியும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரை இங்க சாப்பிடக் கூட்டிட்டு வாங்க." பெரியவர் வந்தார், ரசத்தை டம்ளரில் வாங்கி இரண்டு முறை குடித்தார், லாரி தன் கொல்லையிலேயே நிற்கட்டும், வாடகை வேண்டாம், ஞாயிறு தோறும் வந்து நீயே வெல்டிங் பழகு என்றார். அந்த அம்மாள் ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஒரு வேளை மட்டும்" என்றார்.

நான் ஊர் திரும்புமுன் செய்த ஒரே திருப்பணி கண்ணாடிதான். அரிஸோனாவில், ஃபீனிக்ஸுக்கு முன்னால் ஒரு லாரி மயானம் இருப்பதாகத் தகவல். பத்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் பிளைத் ஊர் தாண்டி, கொலராடோ ஆற்றைக் கடந்ததும், சப்பாத்திக் கள்ளியும் வெயிலுமாக வெட்டவெளி. அங்கே நின்றிருந்தன ஐயா, ஏக்கர் கணக்கில்! ஸ்டூடிபேக்கர், டாட்ஜ், வில்லிஸ், எல்லாம் ஒரே காவி நிறத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. மழையில்லாத ஊர் என்பதால் துரு மேல்தோலோடு நின்றுவிட்டது. ஒரு ஸ்டூடிபேக்கர் கதவில் ஏதோ பால் பண்ணையின் பெயர் இன்னும் படிக்க முடிந்தது. கதவைத் திறந்தேன். மறைந்திருந்த படி, பெயின்ட் கலையாமல், நேற்றுப் போட்டது போல் இருந்தது.

எல்-110 கண்ணாடி ஒன்று முழுசாக அகப்பட்டது. இரண்டு ரஜாயில் சுற்றி, பின் சீட்டில் என் மடியில் சாய்த்து, சுமார் ஐந்நூறு கிலோமீட்டர்! கல்யாணப் பெண்ணைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் அழைத்து வந்திருக்க மாட்டார்கள். நடுவில் எனக்கு மூக்கு அரித்தது. சொறியவில்லை.

பிறகு நடந்தது போனில் கேட்டது. 2020-ல் ஊரடங்கு. பெரியவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சைகை காட்ட, இவர் இந்தப் பக்கம் வெல்டிங் செய்தாராம். 2022-ல் என்ஜின் உறுமியது. 2023-ல் நண்பருக்கு வேலை போனது. அறுபது நாளுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் விமானம். பெயின்ட் அடிக்காத லாரிக்கு ஒருவர் 14,000 டாலர் தருவதாகச் சொல்லிக் காத்திருந்தார். ஐம்பதாவது நாள் வரை "குடுத்துடலாமா?" என்று நண்பர் கேட்டபடி இருக்க, "இன்னும் பத்து நாள் இருக்குதுல்ல" என்று சொன்னவர் அவர் மனைவி. ஐம்பத்து மூன்றாம் நாள் டல்லாஸில் வேலை கிடைத்தது.

லாரி டிரெய்லரில் ஏறிப் போனது. பெரியவர் வரவில்லை, பிரேக் ஆயில் டப்பா ஒன்றும், தன் வெல்டிங் கண்ணாடியும் சீட்டில் வைத்திருந்தார். டல்லாஸில் முதல் தடவை ரோட்டில் இறக்கும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அடுத்த வீட்டு அமெரிக்கர், இது என்ன மாதிரி டயர் டெஸ்ட் என்று கேட்டாராம். பச்சை பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. என்ன கலர் என்பதில் வீட்டில் சண்டை. ஃபார்கோ நீலம் என்கிறார் இவர். போன வாரம் அந்த அம்மாளே போன் செய்தார்.

"வண்டி நல்லாத்தானுங்ணா போகுது. ஏ.சி. மட்டும் இல்லே. டல்லாஸ் வெயிலு நம்ம கரூர் வெயிலு. நீங்களாச்சும் அவர்கிட்டச் சொல்லுங்க..."