கம்பிக்கதவும் மரக்கதவும்

சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் பலவற்றில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையதில் 1, 5, 9 மட்டும். ஏழாம் மாடிக்காரர்களான நாங்கள் ஒன்பதில் இறங்கி, நீளத் தாழ்வாரம் முழுக்க நடந்து, கோடிப் படிக்கட்டில் கீழே வருவோம். வழியெல்லாம் அடுத்தவர் வாசல்.

ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு கதவு: வெளியே கம்பி, உள்ளே மரம். இரண்டும் மூடியிருந்தால் பேசாமல் போய்விட வேண்டும். மரக்கதவு திறந்து கம்பிக்கதவு மட்டும் பூட்டியிருந்தால் நின்று பேசலாம். உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் தப்பு. தாழ்வாரத்துச் சன்னல்களில் பாதித் திரை: நடப்பவர் தலை தெரியும், உள்ளே படுத்திருப்பவர் தெரியமாட்டார். சீன வீடு, மலாய் வீடு, தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் இதே சட்டம். யாரும் எழுதி ஒட்டியதில்லை.

அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) கேட்காமலே கிள்ளிக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு டப்பா நிறையப் பலகாரம் வரும். இருவரும் கம்பியைத் திறக்காமலே அரைமணி நேரம் பேசுவார்கள்.

எரிச்சலும் உண்டு. பரீட்சை மதிப்பெண் அப்பாவுக்கு முன்னால் தாழ்வாரத்துக்குத் தெரிந்துவிடும். பிந்தி வந்தால் மறுநாள் ஒன்பதாம் மாடி ஆண்ட்டி, "நேத்து ஓவர்டைமா?" என்பார். புளோக்கின் திறந்த கீழ்த்தளம் அதைவிடத் தேவலை. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், மறுவாரம் சீனர் வீட்டுச் சாவு; ஓரமாக நின்று பார்த்தால் யாரும் துரத்தமாட்டார்கள், நிற்காமல் போனாலும் கோபமில்லை.

2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் பெரும்பாலான பழைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிறுத்தம் வந்தது. அதைக் குறை சொன்னால் அம்மாவின் முழங்கால் என்னைச் சும்மா விடாது.

இப்போதிருக்கும் புது புளோக்கில் மின்தூக்கியை விட்டு இறங்கினால் பத்தடியில் என் வாசல். எல்லார் வீட்டிலும் ஏர்கான், அதனால் மரக்கதவும் எப்போதும் மூடியே கிடக்கிறது. பேச மனமில்லாமல் மூடினார்களா, குளிர் போய்விடும் என்று மூடினார்களா? வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுத்தான் மணியடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிறு மாலை ஏர்கானை அணைத்து, மரக்கதவைத் திறந்து, கம்பிக்கதவை மட்டும் பூட்டி உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பையன் நின்றான். கதவை மூட மறந்துவிட்டீர்கள் அங்கிள் என்று அக்கறையாகச் சொன்னான். நன்றி சொல்லி மூடிவிட்டேன்.