சுவரில் ஒரு படம், அதன் கீழ் ஒரு பெயர்

இலண்டன் மாநகரில் வாழும் நாம் இந்நகரத்தின் குளிரைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் பேசும் அளவிற்கு இதன் ஓவியக்கூடங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் கோபுரப் பாலத்தையும் அரண்மனை வாயிலையும் காட்டுவோம். ட்ரஃபல்கார் சதுக்கத்துச் சிங்கங்களின் அருகே நிறுத்திப் படம் எடுப்போம். அச்சிங்கங்களுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் தேசிய ஓவியக்கூடத்தின் படிகளில் ஏறுவோர் நம்முள் மிகச் சிலரே. அங்குள்ள நிலையான தொகுப்பைக் காணக் கட்டணம் இல்லை என்பதையும் பலர் அறியார்.

எமது பள்ளியின் பெற்றோருள் சில குடும்பத்தினர், தமிழ் வகுப்பு இல்லாத சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் வீட்டுப் பெரியோரையும் அழைத்துக்கொண்டு ஓவியம், அச்சுப்படம், ஒளிப்படம் ஆகிய மூவகைக் கலைகளின் கண்காட்சிகளையும் காணச் சென்று வருகின்றோம். அவற்றுள் நாங்கள் கண்டவற்றையும், அவை எங்கள் உள்ளத்தில் எழுப்பிய ஒரு கவலையையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் ஓவியம். 1824ஆம் ஆண்டில் அங்கர்ஸ்டைன் என்னும் வணிகரிடம் இருந்த 38 ஓவியங்களைப் பிரித்தானிய அரசு விலைகொடுத்து வாங்கியதே தேசிய ஓவியக்கூடத்தின் தொடக்கம் ஆகும். இப்போதுள்ள கட்டடம் 1838இல் திறக்கப்பட்டது. நகரின் மேற்கிலிருந்து செல்வர் வண்டியில் வரவும், கிழக்கிலிருந்து ஏழைகள் கால்நடையாக வரவும் ஏற்ற நடுவிடம் என்பது அவ்விடத்திற்குரிய சிறப்பாகக் கருதப்பட்டது. இன்று அங்கே 2,300க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் கால் வலிக்குமேயன்றி மனம் நிறையாது. ஆகவே நாங்கள் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டோம். ஒரு நாளில் ஐந்தே ஓவியங்கள். ஒவ்வொன்றின் முன்னும் சிறிது நேரம் பேசாது நிற்றல் வேண்டும். அதன் பின் கண்டதைத் தமிழிலே சொல்லுதல் வேண்டும்.

வின்சென்ட் வான் கோ 1888இல் தீட்டிய சூரியகாந்திப் பூக்களின் முன் பிள்ளைகள் முதலில் "மஞ்சள்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டனர். "எத்தனை மஞ்சள்?" என்று கேட்டோம். எலுமிச்சை மஞ்சள் என்றான் ஒருவன். காய்ந்துபோன மஞ்சள் என்றாள் ஒருத்தி. உடன் வந்திருந்த பாட்டியார் ஒருவர், "அந்தப் பெரிய பூ பழுத்த பலாச்சுளையின் நிறமெல்லோ!" என்றார். வகுப்பறையில் நிறப் பெயர்களைப் பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைகள், அன்று தமக்கு வேண்டிய சொல்லைத் தாமே தேடினர். தமிழ் கற்பிப்போர்க்கு இதனினும் சிறந்த வகுப்பறை கிட்டுமோ என எண்ணினோம்.

அக்கூடத்தின் வரலாற்றில் எங்களை மிகவும் நெகிழச் செய்த செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் அங்கிருந்த ஓவியங்கள் இலண்டனை விட்டு அகற்றப்பட்டன. 1941 முதல் அவை வேல்ஸ் நாட்டில் மனொட் என்னும் இடத்து மலைச் சுரங்கத்தில் வைத்துக் காக்கப்பட்டன. சுவர்கள் வெறுமையாயின. ஆயினும் மக்கள் படங்களைக் காண விரும்பினர். அவ்விருப்பம் நாளிதழ்க் கடிதமாக வெளிவந்தபின், 1942 முதல் மாதம் ஓர் ஓவியம் சுரங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. குண்டுகள் விழுந்த நகரில், ஒரேயோர் ஓவியத்தைக் காண மக்கள் திரண்டு வந்தனர்.

இதனை அறிந்தபோது எங்களுள் சிலர் சற்று நேரம் பேசவில்லை. 1981இல் 97,000 அளவிலான நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகம் அவர்கள் நினைவில் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களும் எங்களிடையே உள்ளனர். கையில் எடுத்தவை பிறப்புச் சான்றிதழ், சிறிது நகை, பிள்ளைக்குப் பால்மா. திருமண அல்பம் அலுமாரியிலேயே தங்கிவிட்டது. போர்க்காலத்தில் படங்களை மலைக்குள் வைத்துக் காக்க ஓர் அரசு இருந்த மக்களுக்கும், அல்பத்தை விட்டு ஓடிய மக்களுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று உணர்ந்தோம்.

அடுத்து அச்சுப்படம். தென் இலண்டனில் உள்ள டலிச் ஓவியக்கூடம், சேர் ஜோன் சோன் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைந்து, 1817இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓவியங்களைக் காட்டுவதற்கென்றே எழுப்பப்பட்ட இக்கட்டடத்தில் வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகின்றது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே ஜப்பான் நாட்டு யோஷிடா குடும்பத்தின் மூன்று தலைமுறை அச்சுப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. குடும்பத்தின் மூத்த கலைஞரான யோஷிடா ஹிரோஷி 1900ஆம் ஆண்டில் அதே கூடத்திற்கு வந்து, வருகையாளர் ஏட்டில் கையொப்பமிட்டவர். ஒரு நூற்றாண்டிற்குப் பின் அவர் குடும்பத்தின் படைப்புகள் அவ்வாயில் வழியே வந்தன. ஏட்டில் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தமையாலன்றோ இத்தொடர்பை இன்று எவரும் அறிய முடிகின்றது!

மரக்கட்டை அச்சின் முறையை அறிதல் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஒவ்வொரு நிறத்திற்கும் பொதுவாக ஒரு கட்டை செதுக்குவர். மை பூசி, ஈரத் தாளை அதன்மேல் வைத்துத் தேய்த்து, ஒரு நிறத்தின்மேல் மறு நிறமாக ஏற்றுவர். யோஷிடா ஹிரோஷி 1926இல் பாய்மரப் படகுகளை அச்சிட்டபோது, அதே கட்டைகளில் நிறங்களை மட்டும் மாற்றிக் காலை, மாலை, இரவு எனப் பொழுதுகளைப் படைத்தார். படகு ஒன்றே, பொழுதுதான் வேறு.

ஜப்பானியரின் பழைய மரபில், படத்தை வரைபவர், கட்டையைச் செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நால்வகையினர் பங்கு கொண்டனர். வரைந்தவரின் பெயர் படத்தில் நிற்கும். செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் நில்லா. ஹொக்குசாயின் பேரலையை உலகமே அறியும். அவ்வலையின் நுரையைக் கட்டையில் மயிரிழை போலச் செதுக்கிய கையை யார் அறிவார்? நம் வீட்டுப் பூசை அறையும் இதற்கு விலக்கன்று. 1894இல் பம்பாயில் ராஜா ரவிவர்மா நிறுவிய கல்லச்சுக் கூடத்திலிருந்து வெளிவந்த இலக்குமியும் கலைமகளுமே, இன்றும் நாட்காட்டிகளில் காணும் தெய்வ வடிவங்கள் பலவற்றிற்கு முன்னோடிகள். ரவிவர்மாவின் பெயர் நிலைத்தது. கல்லில் நிறம் பிரித்தவர்களின் பெயர்களை நாம் உச்சரிப்பதில்லை.

மூன்றாவது ஒளிப்படம். இங்கேதான் எங்கள் கவலை முழு வடிவம் பெற்றது.

தென் கென்சிங்டனிலுள்ள விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம், ஜூலியா மார்கிரெட் கமரன் அம்மையாரின் ஒளிப்படங்களை அவர் வாழ்நாளிலேயே, 1865இல், வாங்கிக் காட்சிக்கு வைத்தது. கல்கத்தாவில் 1815இல் பிறந்த இவர், நாற்பத்தெட்டாம் வயதில் கமரா ஒன்றைப் பரிசாகப் பெற்று ஒளிப்படக் கலையில் இறங்கியவர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்துக் கழுவி, முட்டை வெண்கரு தடவிய தாளில் படியெடுக்கும் காலம் அது. டார்வினும் டெனிசனும் அவர் கமராவின் முன் அமர்ந்தனர். அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் அமர்ந்தார். அப்பணிப்பெண்ணின் பெயர் இன்றும் நூல்களில் உள்ளது.

1875இல் அம்மையார் தம் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவருக்கு அங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்கள் பெருகிய காலத்தில் மலைநாட்டில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்களே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1879இல் இலங்கையிலேயே காலமான அம்மையார் போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் இலங்கையில் எடுத்த ஒளிப்படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் இரண்டை நாங்கள் நூலொன்றில் கண்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று, களுத்துறையில் அவர் வீட்டிற்கு விருந்தினராக வந்த மரியான் நோர்த் என்னும் ஆங்கில ஓவியப் பெண்மணியின் படம். மற்றொன்று, அதே ஊரில் எடுத்த உள்ளூர் மக்களின் படம். முதற்படத்தின் தலைப்பில் பெயர் இருக்கின்றது. இரண்டாவதன் தலைப்பு களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்ற அளவில் முடிகின்றது. அவர்கள் சிங்களவரா தமிழரா என்பதைக்கூட அத்தலைப்புச் சொல்லவில்லை. எடுத்தவர் ஒருவர், ஊர் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. பெயர் மட்டும் ஒரு சாராருக்கே வாய்த்தது.

அந்த மரியான் நோர்த் அம்மையாருக்கு இலண்டனிலேயே, கியூ பூங்காவினுள், தனி ஓவியக்கூடம் ஒன்று உண்டு. 1882இல் திறக்கப்பட்டது. உலகைச் சுற்றி அவர் தீட்டிய 800க்கு மேற்பட்ட ஓவியங்கள் சுவரே தெரியாவண்ணம் நெருக்கமாக மாட்டப்பட்டுள்ளன. இலங்கையின் மரம் செடிகளும் அங்கே உள்ளன. ஒவ்வொரு செடியும் இன்னதென ஆராய்ந்து பெயர் குறிக்கப்பட்டுள்ளது. கூடத்தின் வாயில்களின் மேல் தேயிலைச் செடிக்கும் கோப்பிச் செடிக்கும்கூட இடம் தந்துள்ளார். இதைக் கண்ட மாணவி ஒருத்தி, "செடிக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கினம், அந்த ஆக்களுக்கு ஏன் எழுதேல்லை?" என்று கேட்டாள். எங்களிடம் உடனடியாக விடை இருக்கவில்லை.

அயலாரை மட்டும் குறைகூறி அமைதல் நீதியன்று. நம்மவர் இல்லங்களில் எஞ்சியிருக்கும் பழைய படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்போமாயின், பெரும்பாலானவற்றில் படமெடுத்த நிலையத்தின் முத்திரையையன்றி வேறொன்றையும் காணோம். அன்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. தெரிந்தவர்கள் பல நாடுகளில் சிதறியுள்ளனர், முதுமை எய்தியுள்ளனர், ஒருவர் பின் ஒருவராக விடைபெறுகின்றனர்.

எமது பள்ளியில் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்து ஒன்றாகப் பார்த்தோம். ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த படத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முன்னே இருபத்திரண்டு பேர் மூன்று வரிசையாக நிற்கின்றனர். எண்பத்தாறு வயதுடைய அம்மம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முறையும் சொன்னார், வீட்டுப் பெயரும் சொன்னார், யார் யாருக்கு எந்தப் பாடத்தில் கெட்டி என்பதையும் சொன்னார். பேரப்பிள்ளை எழுதிக்கொண்டான். பதினேழு பெயர்கள் ஆயின. "களைச்சுப்போனன், மிச்சத்தை அடுத்தமுறை சொல்லுறன்" என்றார். அடுத்தமுறை வரவில்லை. ஆறு கிழமைகளில் அவர் காலமானார். பின்வரிசையில் ஐவர் இன்றும் பெயரின்றி நிற்கின்றனர். ஆயினும் அந்தப் பதினேழு பேரும் இனி ஒருபோதும் "ஒரு கூட்டம்" ஆகமாட்டார்கள். அப்பேரனின் பிள்ளைகளும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

ஆகவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் எமது வேண்டுகோள் இதுவாகும். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துப் பெரியோரின் அருகே அமருங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்வு, எடுத்தவர் யார் எனக் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் ஊறி முகத்தையே கெடுக்கும். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான தாளாயின், தனித் தாளில் எழுதிப் படத்துடன் ஓர் உறையில் இடுங்கள். ஓவியக்கூடங்களில் தாளின்மேல் அமைந்த படைப்புகளை 50 லக்ஸ் அளவான மங்கலொளியிலேயே காட்டுவர். சில மாதங்களின் பின் எடுத்து இருளில் வைத்துவிடுவர். நாமும் மூலப்படத்தைப் பெட்டியில் வைத்து, அதன் படியொன்றைச் சுவரில் மாட்டலாம். கைப்பேசிகளில் குவியும் படங்களுக்கும் இது பொருந்தும். ஆயிரம் படங்களில் பத்தினைத் தேர்ந்தேனும் பெயரிட்டு வையுங்கள்.

கண்காட்சிகளுக்கும் தவறாது செல்லுங்கள். அச்சுப்படங்களும் ஒளிப்படங்களும் அடிக்கடி மாற்றப்படுவதால் இம்மாதம் இருப்பது அடுத்த பருவத்தில் இராது. படத்தைப் பார்த்தபின் அதன் கீழுள்ள சிறு அட்டையையும் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். அங்கே யாருடைய பெயர் உள்ளது, யாருடைய பெயர் இல்லை என்று அவர்களே கேட்கத் தொடங்குவர். அந்தக் கேள்வியோடு வீடு திரும்பும் பிள்ளை, அம்மம்மாவின் அல்பத்தை முன்போல் விரைவாகப் புரட்டிவிட மாட்டாது.

அடுத்த ஆண்டு விழாவில் மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரை எமது குடும்பப் படங்களுக்கென ஒதுக்கித் தருமாறு பள்ளி நிருவாகத்தினரைக் கேட்டுள்ளோம். வேண்டிய தகுதி ஒன்றே: படத்தில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் தமிழில், மாணவரின் கையெழுத்தில், அதன் கீழே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.