பபேடானில் வசந்தத்தைத் தேடி

நோர்வேக்கு நாம் வந்து சேர்ந்த முதல் ஆண்டில், வசந்தம் வந்துவிட்டதென்று பிள்ளைகள்தான் எமக்குச் சொன்னார்கள். உருகும் பனிக்கு அருகே பூத்த சிறு மஞ்சள் பூவொன்றைப் பாடசாலையிலிருந்து பிடுங்கி வந்திருந்தார்கள். எமக்கோ அதன் பெயர்கூடத் தெரியாது. ஊரில் மாம்பூவையும் வேப்பம்பூவையும் பார்த்துக் காலத்தை அறிந்த நாம், புது நாட்டில் காலம் தெரியாதவர்களாகிப் போனோம்.

அந்த நினைவோடுதான் 2018 மாசியில் மியன்மார் சென்றோம். எமது மகளின் தோழி பர்மாத் தமிழ்க் குடும்பத்தவள். யங்கோன் நகரில் பபேடான் என்னும் பகுதியில் அவளுடைய ஆச்சியின் வீட்டில் தங்கினோம்.

பபேடான் நகரின் நடுவே, சூலே பகோடா வீதிக்கு மேற்கே இருக்கிறது. ஒடுங்கிய தெருக்கள், பாசி படிந்த பழைய மாடிகள். 1926இல் கட்டிய பொஜோக் சந்தை இங்குதான் உள்ளது. அநோரதா வீதியில், 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயிலின் கோபுரத்தைக் கண்டதும் ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. ஒரு காலத்தில் இந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். 1942இல் யுத்தத்துக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். கால்நடையாகப் போனவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். 1964இல் கடைகள் அரசுடைமையானபின் மேலும் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். ஆச்சியின் அண்ணன்மாரும் அப்படித்தான் சென்னைக்குப் போனார்கள். ஆச்சியின் கணவருக்கு நாட்டை விட மனமில்லை.

"இந்தக் கட்டடத்துக்குள்ளே வசந்தம் எங்கே தெரியப் போகிறது?" என்று கேட்டோம். ஆச்சி சிரித்தார். எதிர்ச் சுவரின் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டினார். அதில் செம்பு நிறத் துளிர் விட்டிருந்தது. விடியற்காலையில் பள்ளிவாசல் பாங்கோசைக்கும் கோயில் மணிக்கும் நடுவே குயில் கூவியது. சந்தைக் கூடைகளில் மாங்காய்ப் பிஞ்சு வரத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பன்சொடான் துறையிலிருந்து அக்கரைத் தல்லாவுக்குப் படகில் போனோம். பத்து நிமிடப் பயணம்தான், இறங்கினால் கிராமம். படகைச் சுற்றிக் கடற்புள்ளுகள் பறந்தன. மத்திய ஆசிய மேட்டு நிலங்களில் குஞ்சு பொரிக்கும் இவை குளிருக்கு அஞ்சி இங்கே வந்து, வெயில் ஏறும் காலத்தில் வடக்கே திரும்புமாம். சனங்கள் அவற்றுக்குத் தீனி வீசினார்கள்.

ஆச்சியின் உறவினர் வீடு அறுவடை முடிந்த வயலோரம் இருந்தது. மாமரம் பூத்து வாசல் முழுக்கத் தேனீ. முருங்கையும் பூத்திருந்தது. தூரத்தில் முள்ளிலவு இலையின்றிச் சிவந்து நின்றது. ஆனால் வீட்டுக்காரர்களின் கண் குளத்தின்மேல் இருந்தது. ஆற்று நீரில் உப்பேறும் இவ்விடத்தில் மழைநீர்க் குளம்தான் குடிநீர். பூ வந்தால் தண்ணீர் இறங்கும். வைகாசி மழைவரை சிக்கனமாக மொள்ள வேண்டும். பூவைக் கண்டு மகிழ்கிற நேரமே குடத்தை எண்ணுகிற நேரமும்.

இங்கு யாவரும் காத்திருப்பது படௌக் மரத்துக்காக. அது எமது வேங்கையின் இனம். சித்திரையில் முதல் மழைத்துளி பட்டதும் பொன்னாகப் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும். பர்மியப் பெண்கள் அதைத் தலையில் சூடித் தண்ணீர்த் திருவிழாக் கொண்டாடுகிறார்கள். அதே நாட்களில்தான் எமது சித்திரை வருடப் பிறப்பும் வருகிறது.

"அண்ணனுக போன வருசம் எந்தப் பூவையும் நான் பாக்கலை," என்றார் ஆச்சி. "அப்புறம் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி ஒரு கொத்து படௌக் கொண்டாந்து தலையில வச்சுவிட்டா. பூக்கிற மரத்தோட பேரு தெரிஞ்சா, ஊரு பழகிரும்."

அந்தப் பூவை நாம் பார்க்கவில்லை. அது பூக்குமுன் திரும்பிவிட்டோம். நோர்வே வந்தபோது வீட்டோரம் அந்த மஞ்சள் பூ மலர்ந்திருந்தது. அயல் வீட்டு மூதாட்டியிடம் அதன் பெயரைக் கேட்டோம். 'ஹெஸ்தெஹோவ்' என்றார், குதிரைக் குளம்பு என்று பொருளாம்.

அண்மையில் வந்து குடியேறிய உறவுகளே, உங்கள் வாசலில் முதலில் பூப்பது எது? அயலவரிடம் பெயர் கேளுங்கள். அதோடு வேம்பையும் வேங்கையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.