தண்டலம் சாலையும் திராட்சைத் தோட்டமும்

ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின்மீது தண்டலம் இருக்கிறது. அருகே செம்பரம்பாக்கம் ஏரி. நெல் விளைந்த பூமி. இன்றோ இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள். மோட்டார் வண்டிகள் பிறக்கும் இச்சீமையில் திராட்சைப் பேச்சு எதற்கென்று நேயர்கள் கேட்கலாம். சாலைதான் காரணம். 48 என்னும் அதே எண்ணுடன் இது பெங்களூர், கோலாப்பூர், புனா கடந்து டில்லி வரை செல்கிறது.

அயல்நாட்டு எஞ்சினீயர்களோடு வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், "ஷார்டனே என்று ஒரு வெள்ளைத் திராட்சை மது, ஸார்! மாம்பழமும் அன்னாசியும் எலுமிச்சையும் பாலேடும் சேர்ந்து மணக்குமாம். நம் தேசத்திலேயே விளைகிறதாம்" என்றார். மதுவிலக்குப் பிரசாரம் கேட்டு வளர்ந்த குடும்பம் என்னுடையது. ஆயினும் மாம்பழம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. தை மாதத்தில் இருவரும் கிளம்பினோம்.

நந்தி மலையடிவாரத்தில் 1988 முதற்கொண்டே மதுவுக்கென்று திராட்சை பயிராகிறது. அங்கே தங்காமல், சோலாப்பூர் ஜில்லாவில் கரும்புக்குப் பேர்போன அக்லூஜ் போய்ச் சேர்ந்தோம். ஃபிராடெல்லி என்றால் இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்' என்று பொருள். இத்தாலியர், டில்லிக்காரர், அவ்வூரார் என மூன்று குடும்பத்துச் சகோதரர்கள் கூடி 2007-இல் தொடங்கிய தோட்டம் அது.

ஷார்டனே பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தின் கொடி. அப்பெயருடைய கிராமமே அங்கு உண்டு. குளிர்ந்த ஷாப்ளியில் அது பச்சை ஆப்பிளும் எலுமிச்சையுமாகப் புளிக்கும். வெயில் மிகுந்த இடத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அன்னாசி, மாம்பழ வாசனை எழும். பழம் எதையும் யாரும் கலப்பதில்லை! நம் தக்காணத்திலோ கொடிக்குக் குளிர்காலத் தூக்கமே இல்லை. ஆகவே ஏப்ரலில் ஒருமுறையும் அக்டோபர் வாக்கில் மறுமுறையும் கவாத்து செய்து, கோடைக்கு முன் ஒரே மகசூல் எடுக்கிறார்கள். முந்திப் பறித்தால் பழ மணம் வராது. பிந்தினால் எலுமிச்சைக் கூர்மை போய்விடும். நடுவிலுள்ள சில நாட்களைக் கண்டுகொள்வதே வித்தை.

பாலேட்டின் இரகசியத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் எளிதில் கண்டுகொள்வார்கள். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் சாதியைச் சேர்ந்த ஒன்று, ஆப்பிளின் கடும் புளிப்பைத் தயிரின் மென்புளிப்பாக மாற்றுகிறது. அப்போது வெண்ணெய் வாசனையும் பிறக்கிறது. ஓக் மரப் பீப்பாயில் அடிமண்டியைக் கலக்கிவிட்டு வைத்தால் மது நாவில் கனக்கும். எஃகுத் தொட்டியிலேயே முடிந்ததில் பழமும் எலுமிச்சையும் மேலோங்கும். விரும்பித் தேடுவோர் புட்டியின் மேல் பார்க்க வேண்டியது இதைத்தான். பனிபோல் குளிரவைத்தால் மணம் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும்.

மாணவர் அருந்தி, "முதலில் அன்னாசி, பிறகு எலுமிச்சை, கடைசியில் வெண்ணெய், ஸார்" என்றார். நான் முகர்ந்ததோடு நின்றேன். அன்னாசி உண்மைதான்.

2001-இல் மகாராஷ்டிர அரசாங்கம் திராட்சை மதுத் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்து வரிச்சலுகை அளித்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விலை வீழும் நாளில் அந்தப் பழத்தை வைத்துக் காக்க இயலாது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கிய நாட்டில் இவ்வழியைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. குடியால் அழிந்த வீடுகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகத்திலேயே பார்க்கிறேன். கம்பத்து விவசாயியின் கணக்கும் பொய்யன்று.

ராஜ்யம் விட்டு ராஜ்யம் கொண்டுபோக விதிகள் குறுக்கிடுமென்று மாணவர் புட்டி வாங்கவில்லை. திரும்பும் வழியில் ஸாங்லியில் உலர்ந்த திராட்சை இரண்டு கிலோ வாங்கினோம். என் பங்கு பாயசத்துக்கு ஆயிற்று.