இல்லத்திற்கேற்ற பளுத்தண்டு

பெரம்பலூரில் எம் இல்லத்துப் பின்கட்டில் பளு தூக்கிப் பழகுதற்கு ஒரு தண்டு வாங்க எண்ணினோம். யாம் நாடியது உடல் வலிமை ஒன்றே. அரியலூரிற் பயின்று மாலைதோறும் பேருந்தில் மீளும் எம் தங்கையோ போட்டியில் இறங்கும் விருப்பினள். கைப்பொருள் ஒரு தண்டிற்கே போதுமாயிருந்தது.

தண்டுகள் பலவகைய. வளைந்த தண்டு புயப்பயிற்சிக்கு நன்று; மணிக்கட்டை மிக வருத்தாது. ஆயினும் போட்டிமுறையிற் பளு தூக்குதற்கு அஃது உதவாது. முனை சுழலாத மலிவான நேர்தண்டை விரைந்து தோளிலேற்றுங்கால், வட்டுகளின் திருகல் மணிக்கட்டைத் தாக்கும். சுழலும் முனைகளையுடைய ஒலிம்பிக் தண்டே அதற்குரியது. அதனுள்ளும் இருவகை உண்டு. ஆடவர்க்குரியது 20 கிலோ எடையும், பிடிக்குமிடத்தில் 28 மில்லிமீட்டர் பருமனும் உடையது. மகளிர்க்குரியது 15 கிலோ எடையும், 25 மில்லிமீட்டர் பருமனும் உடையது. முனைகளின் பருமன் இரண்டிற்கும் 50 மில்லிமீட்டரே; ஆதலின் வட்டுகள் இரண்டிற்கும் பொருந்தும்.

வேலூர்ச் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கிப் பொற்பதக்கம் வென்றமையை யாம் எடுத்துரைத்தோம். கர்ணம் மல்லேசுவரி 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றமையைத் தங்கை நினைவூட்டினாள்.

பருத்த தண்டு சிறிய கையினின்று நழுவும். மெல்லிய தண்டோ பெரிய கைக்கும் அடங்கும். எடை போதாதாயின் வட்டுகளைக் கூட்டலாம். தண்டின் பருமனைக் குறைத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின் 15 கிலோ தண்டையே தேர்ந்தோம். பலர்க்கும் பொதுவான பொருளை வாங்குங்கால் வலியோன் கையை அளவாகக் கொள்ளாது, அதனால் மிகுபயன் எய்துவோர் கையை அளவாகக் கொள்ளுதலே முறையாம்.