எளிய நடையும் இருவகை வாசகரும்

சிங்கப்பூரில் தமிழ்க் கட்டுரை எழுதுபவர் ஒரே பக்கத்தில் இருவகை வாசகருக்கு எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கட்டுமானத் தளங்களில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்தில் கூடும் ஊழியர் ஒருவகையினர். இங்கேயே பிறந்து, வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசி, பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கும் மாணவர் மற்றொரு வகையினர். முன்னவருக்குத் தமிழ் தடையில்லை, ஆனால் இந்நகரின் சட்டங்களும் அமைப்புகளும் புதியவை. பின்னவருக்கு அமைப்புகள் பழகியவை, ஆனால் சிக்கலான தமிழ் வாக்கியம் பழகாதது. ஆகவே இங்கு எளிய நடை என்பது கலைச்சொல்லை விளக்குவதையும் வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவதையும் ஒருங்கே குறிக்கிறது.

இந்நடைக்கு இவ்வூரோடு பழைய உறவு உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, வார இதழாகப் பிறந்து நாளிதழாக வளர்ந்து, உழைக்கும் தமிழரிடம் சீர்திருத்தக் கருத்துகளைக் கொண்டுசென்றது. இலண்டனில் சட்டம் பயின்று சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த சி. பா. ஆதித்தனார், தமிழகம் திரும்பி 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, சிறு வாக்கியங்களையும் மக்கள் புழங்கும் சொற்களையும் செய்தி நடையின் அடிப்படையாக்கினார்.

வாக்கிய ஒழுங்கின் பயனை ஒரு சட்ட விதியைக் கொண்டு காணலாம். ‘ஊழியர்களுக்கு வழங்கப்பட வேண்டிய ஊதியமானது, சம்பளக் காலத்தின் நிறைவைத் தொடர்ந்து 7 நாள்களுக்குள் முதலாளி தரப்பால் வழங்கப்படுவது உறுதிசெய்யப்பட வேண்டும்’ என்னும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. எனினும் கொடுக்க வேண்டியவர் நடுவில் மறைந்திருக்கிறார், கொடுத்தல் என்னும் வினையோ ‘உறுதிசெய்யப்பட’ என்பதன் பின்னே ஒளிந்துகொள்கிறது. ‘சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் முதலாளி ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்’ என்று எழுதினால், கடமை யாருடையது என்பது முதல் வாசிப்பிலேயே புலப்படும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதால், அதற்கு முன் அடுக்கப்படும் ஒவ்வொரு எச்சத்தையும் வாசகர் நினைவில் சுமந்தே செல்கிறார். நீளம் தன்னளவில் குற்றமன்று. செய்பவரும் செயலும் பிரிந்துபோவதே குற்றம்.

கலைச்சொல்லுக்கு வேறு கவனம் தேவை. மத்திய சேம நிதி என்று மட்டும் எழுதினால் மாணவர் அதைச் சிபிஎஃப் என அடையாளம் கண்டுகொள்வார்; புதிதாக வந்த ஊழியருக்கோ, சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஓய்வுக்காலம், வீடு, மருத்துவம் ஆகியவற்றுக்காகச் சம்பளத்தின் ஒரு பகுதியைச் செலுத்தும் கட்டாயச் சேமிப்பு அது என்ற விளக்கம் வேண்டும். சொல்லை நீக்கிவிட்டால் இருவருமே இழக்கின்றனர். சொல்லையும் விளக்கத்தையும் சேர்த்துத் தந்தால் இருவருமே பெறுகின்றனர். கருத்தைக் குறைப்பது எளிமையாகாது என்பதற்கு இதுவே சான்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து, 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இந்நிலையில் தமிழில் ஒரு கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் அருமையானவர். எழுதுபவருக்கே பொருள் தெளியாதபோதுதான் செயப்பாட்டுவினையும் பொதுச்சொற்களும் பெருகுகின்றன என்பதால், யார், எதை, எப்போது, ஏன் செய்தார் என்று கேட்டறிந்த பிறகே எழுத அமர்வது அந்த வாசகருக்குச் செய்யும் முதற்கடமையாகும்.