பழைய அம்பிளிபயரும் அறுத்து விட்ட எர்த் வயரும்



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டுபவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

எங்கள் பாடசாலை அம்பிளிபயரை ஊரில் பலருக்கும் தெரியும். காலைக் கூட்டத்தில் கிராஅத் ஓதும் பிள்ளையின் குரலை விட அதன் இரைச்சல்தான் றோட்டால் போகிறவர்களுக்குக் கேட்கும். அரை மணித்தியாலம் போனால் சத்தம் கரகரத்து, பிறகு நின்றுவிடும். "சேர், ஒங்கட ஸ்கூல்ல ஆரு ஓதினாலும் ஒரே குரல்தான்" என்று ஒரு காக்கா பகிடி பண்ணுவார். அதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஒரு மழை நாளில் தரம் 6 பிள்ளையொன்று மைக்கைத் தொட்டுவிட்டுக் கையை உதறியது. "டீச்சர், மைக் சுருக்குண்டு கடிக்கிது." அன்றோடு அதைக் கழற்றி வைத்தோம்.

கூட்டம் போட்டார்கள். புதிது வாங்குவதென்று பேச்சு. கொண்டுவந்த விலைப்பட்டியல் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது, குடும்பத்துக்கு இவ்வளவென்று சேர்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வாப்பாமாரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். அந்த மாதம் கடலும் சரியில்லை. விஞ்ஞானமும் தொழினுட்பமும் படிப்பிக்கிற நாங்கள் மூன்று பேர் இரண்டு கிழமை தவணை கேட்டோம். ரேடியோ, டீவி திருத்திய பழைய காக்கா ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். கூலி வேண்டாம், பிளேன்டீ போதும் என்றார்.

அவர் பெட்டியைத் தொடவேயில்லை. முதலில் பிளக்கைக் கழற்றச் சொன்னார். 13 அம்பியர் சதுரப் பின் பிளக். உள்ளே எர்த் வயர் வெட்டப்பட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி. எப்போதோ யாரோ இரைச்சலைக் குறைக்க எர்த்தை அறுத்திருக்கிறார்கள். இது நம் பக்கத்தில் பரவலாக நடக்கிற வேலை. எர்த்தை அறுத்தால் சில வேளை இரைச்சல் குறையும், உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால் போக வழியிருக்காது. பெட்டியின் தகட்டில் ஏறி, மைக் வயரின் வெளிப்பின்னல் வழியாக மைக்கின் இரும்புக்கு வந்து, பிடித்திருக்கும் ஆளின் காலால் நிலத்துக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

கசிவு எங்கேயென்று பெட்டியைத் திறந்து பார்த்தோம். (வயரைக் கழற்றினாலும் உடனே கை வைக்க வேண்டாம். உள்ளேயுள்ள பெரிய கபேசிட்டர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றை வெறுமையாக்கிய பிறகே வேலை.) பின்பக்கம் வயர் நுழையும் துவாரத்து ரப்பர் வளையம் உக்கி விழுந்துவிட்டது. தகட்டு விளிம்பில் உரசி உரசி லைவ் வயரின் உறை தேய்ந்து, அந்த இடத்தில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஈரமாகப் படிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் 230 வோல்ட் நேரே மைக்கில். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதோடு முடியவில்லை. மண்டபத்துச் சுவர் பிளக்கிலும் எர்த் இல்லை. மின்சார வேலை தெரிந்த தம்பியொருவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 அளவில் நிற்க வேண்டும், அதுவோ அங்குமிங்கும் அலைந்தது. வெளியே போய்ப் பார்த்தால் எர்த் கம்பியின் பிடி பச்சை பூத்துக் கழன்று கிடக்கிறது. ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினோம், விழவில்லை. அது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது. இலட்சம் கொடுத்துப் புதிது வாங்கி இதே சுவரில் செருகியிருந்தாலும், அதில் ஒரு கோளாறு வரும் நாளில் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் இருந்திருக்காது. முதற்காசு எர்த்துக்கும் ட்ரிப்புக்கும்தான் போனது.

இனி இரைச்சல். காக்கா காட்டித் தந்த சோதனை எவரும் செய்யக்கூடியது. மைக்கின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் குறையுங்கள். இரைச்சல் போனால் குற்றம் மைக்கிலோ அதன் வயரிலோ. போகாவிட்டால் பெட்டிக்குள். எங்களுக்குப் பாதி போனது, பாதி நின்றது. அதாவது இரண்டும்! ஜாக்கின் கழுத்தில் வயரின் வெளிப்பின்னல் அறுந்திருந்தது. வெட்டி, புதிதாக ஈயம் வைத்தோம். உள்ளே இரண்டு பெரிய கபேசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன, மாற்றினோம்.

அரை மணித்தியாலத்தில் சத்தம் நிற்பதன் காரணத்தைக் கண்டுபிடித்தது தரம் 11 பிள்ளைகள். 16 ஓம் ஹோர்ன்கள் நான்கைச் சமாந்தரமாகக் கட்டியிருந்தார்கள், 4 ஓம். பெட்டி தாங்குவதும் அதுதான், பின்னால் அச்சடித்தே இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்கென்று பிறகு இரண்டைக் கூட்டியிருக்கிறார்கள். "16ஐ 6ஆல் பிரிச்சா 2.67 சேர்" என்றது பிள்ளை. தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும், 2N3055 திரான்சிற்றர்கள் கொதிக்கும். ஹோர்ன் கூடினால் சத்தம் கூடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டைக் கழற்றினோம். பரீட்சைக்காகப் பாடமாக்கிய சூத்திரம் வேலை செய்ததைப் பார்த்து அந்தப் பிள்ளைகளுக்கு வந்த சிரிப்பு, எங்களுக்கும் வந்தது.

முதல் தடவை போடும்போது காக்கா 100 வாற்று இழை பல்பொன்றைத் தொடரில் கட்டினார். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பும். எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது. இழை பல்ப் தேடி ஊரெல்லாம் அலைந்து கடைசியில் ஒரு வீட்டின் கோழிக்குஞ்சுக் கூட்டிலிருந்து இரவல் வாங்கினோம். பளிச்சென்று மின்னி மங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

செலவு, எர்த்தும் ட்ரிப்பும் சேர்த்து, வாங்க இருந்த தொகையில் கால்வாசியும் வரவில்லை. இலங்கையில் 1920களில் வானொலியைத் தொடங்கியபோது எட்வர்ட் ஹார்ப்பரும் கூட்டாளிகளும் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளை வைத்துத்தான் முதல் ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்பார்கள். அந்த நாட்டில் நாங்கள் ஒரு ரப்பர் வளையத்துக்காகப் பெட்டியையே வீசப் பார்த்தோம்.

இப்போது பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மோதினார் வுழூச் செய்த ஈரத்தோடு வந்து மைக்கைப் பிடிக்கிறவர், காலில் செருப்பும் இல்லை. இந்தக் கிழமையே பிளக்கைக் கழற்றி எர்த் வயர் இருக்கிறதா பாருங்கள். பியூஸுக்குப் பதில் கம்பி இருந்தால் எடுத்து எறியுங்கள். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம். மைக் "சுருக்" என்றால், ஈரக் கை என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடி நேரத்தில் பிளக்கையே கழற்றி வையுங்கள், சுவிச்சை மட்டும் மூடுவது போதாது.

மீட்டர் எங்களிடம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கும், எந்த மத்ரஸாவுக்கும் வியாழன் பின்னேரம் வருவோம்.

கிணற்றடி ஹோர்ன் மட்டும் இன்னும் பேசவில்லை. உள்ளே டயப்ரம் கிழிந்திருக்கிறது, புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். அது வரும் வரை அந்தப் பக்கத்து தரம் 3 பிள்ளைகளுக்கு மணிச் சத்தம்தான்.